அபாயப் பலகை

பாலை மரத்தில், பதினெட்டு அடி உயரத்தில்
ஒரு வெடிப்பு. விரலகலம்கூட இல்லை.
உள்ளே ஒருத்தி
வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டு
இன்றைக்கு ஐம்பத்து மூன்றாம் நாள்.

நான் கீழே, வீரைப் பற்றைக்குள்.
கொப்பி. பென்சில்.
ஆறு இருபது: ஆண் வந்தது. பாலைப்பழம் பதினொன்று.
ஆறு ஐம்பத்தைந்து: மறுகா வந்தது. ஒரு ஓணான்.
வாங்க அவள் கொஞ்சம் யோசித்தாள்,
அல்லது நான் அப்படி எழுதினேன்.

இருவாய்ச்சியின் செட்டைச் சத்தம்
கண்ணுக்கு முன்னம் காதுக்கு வரும்,
கிரான் பாலத்தில் ஏறுகிற பழைய லொறி மாதிரி.
முதல் தரம் கேட்டபோது
நிலத்தில் குப்புற விழுந்து படுத்தேன்.
மேலிருந்து வருகிற எதுவும்
பறவையாகவும் இருக்கலாம் என்று
இந்த உடம்புக்கு உடனே விளங்குவதில்லை.

இதே குடும்பிமலைக் காட்டில்
ஆறு வருஷம் முழங்காலில் நடந்தவள் நான்.
ஒரு மீற்றர் அகலம். நல்ல நாளென்றால் பத்து மீற்றர் நீளம்.
முகக்கண்ணாடிக்குள் வேர்வை ஒழுக
மண்ணைத் தேங்காய்ப்பூவாய்த் துருவித் துருவி
என் கைக்கு நாற்பத்தொரு மிதிவெடி.
நாற்பத்திரண்டாவது
யோகலட்சுமியின் கைக்கு.
அந்த ஆறு வருஷமும்
நாங்கள் மேலே பார்க்கவேயில்லை.

கடைசிப் பலகையையும் பிடுங்கி ஏற்றிய அன்று
கச்சேரியிலிருந்து வந்து படமெடுத்தார்கள்.
இனி இந்தக் காடு சனங்களுக்கு, என்றார்கள்.
சனங்களுக்கு முன்னமே
நேசதுரையின் உழவு மெசின் வந்துவிட்டது.
முதிரை போனது. கருங்காலி போனது.
பிறகு, பலகைக்கு உதவாத பொந்துப் பாலைகள்
சூளைக்கு.

வெடி கிடந்த வரைக்கும்
கோடரியோடு ஒருவரும் இந்தப் பக்கம் கிறுகவில்லை.
சிவப்புக் கம்புகளுக்குப் பின்னால் இருபது வருஷம்
இவை முட்டையிட்டு, பூசி, உடைத்து, பறந்திருக்கின்றன.
நான் துப்பரவாக்கினேன்.
இதை எந்த அறிக்கையில்
எத்தனையாம் பந்தியில் எழுத?

வனத்துறைக் கந்தோரில் ஜயசுந்தர மாத்தையா
படிவம் தந்தார், மூன்று பிரதி.
ஜீப் இருந்தது, டீசல் இல்லை.
நல்ல மனிசன். பறவையின் பெயரைச் சிங்களத்தில் சொன்னார்,
நான் தமிழில் சொன்னேன்,
இரண்டு பேரும் மாறி மாறித் தப்பாகச் சொல்லிச் சிரித்தோம்.
காகிதம் கொழும்புக்குப் போனது.

பட்டி மாடு பார்க்கிற பூபாலப்பிள்ளை சொன்னார்:
"வெள்ளிக்கிழம இஞ்சால வெட்ட வாறானுகளாம் புள்ள."

வீட்டில், கோழிக்கூட்டுக்குக் கூரையாய்
ஒரு தகரம் கிடந்தது.
மண்டையோடு, குறுக்கே எலும்பு, மூன்று மொழி.
எச்சத்தைத் தேய்த்துக் கழுவினேன்.
இருட்டோடு கொண்டுபோய்
மரத்துக்கு இருபது அடி முன்னால் நட்டேன்.
சுத்தியல் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை.
நேசதுரை இறங்கினான். தகரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"துப்பரவெண்டு கையெழுத்து வெச்சது நீங்கதானே?"
"ஒண்டு தப்பியிருக்கும்."
பொய் என்று அவனுக்குத் தெரியும்.
அவன் தம்பிக்கு இடது கால் முழங்காலோடு முடிகிறது,
அது எனக்குத் தெரியும்.
தூக்கிய காலை
அவன் தன் அடியிலேயே திரும்ப வைத்தான்.
மெசின் கிறுகிப் போனது.

அதன் பிறகு பூபாலப்பிள்ளையும் மாட்டை இங்கே விடுவதில்லை.
விறகுக்குப் போகிற செல்லத்தங்கம்
இரண்டு கட்டை சுற்றி நடக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு.
நேற்று என்னை மறித்துக் கேட்டாள்,
"உண்மையா இருக்காக்கா?"
நான் சொன்ன பதிலைக் கொப்பியில் எழுதவில்லை.

எழுபத்தோராம் நாள்.
ஐந்து ஐம்பது: பூச்சு உதிர்கிறது.
முதலில் அலகு. நெடுநேரம் அலகு மட்டும்.
மறுகா ஒரு கண்.
அது நேரே பார்ப்பது
என் சிவப்புத் தகரத்தை.